இரத்மலானையில் நீங்கள் துடைத்த யன்னல்

அண்ணை,

இன்று காலை வேலைக்குப் புறப்பட்டுப் படியிறங்கியபோது உங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. புதிதாகக் குடிவந்திருப்பவர்கள் நிலப்பலகையிலிருந்த பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கரைக்க எதை ஊற்றினார்களோ தெரியாது, இரண்டாம் மாடியிலிருந்து கீழ்வாசல் வரைக்கும் மண்ணெண்ணெய் மணம். கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதனால் ஒரு டி-பானே ரயிலைத் தவறவிட்டேன். அடுத்தது வரும்வரை புருசெத் நிலையத்து வாங்கில் இருந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மணத்தைப் பற்றி எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். "ஜெட் எண்டால் என்னவோ பெரிய சாமான் ஊத்திறாங்கள் எண்டு நினைச்சன். கிட்டப் போய்ப் பாத்தால் எங்கட குசினியில குப்பி விளக்குக்கு விடுற எண்ணெய்ச் சாதிதான், தங்கச்சி. அதை எரிச்சுக்கொண்டு நாப்பதாயிரம் அடிக்குப் போறாங்கள்." ஐம்பதுகளின் தொடக்கம். இரத்மலானை விமான நிலையத்தில் உங்களுக்கு இருபத்திரண்டு வயது. விமானம் இறங்கியதும் ஏணி வைத்து ஏறி, உடம்பையும் யன்னல்களையும் துடைத்து, தூசியும் பூச்சியும் இல்லாமல் ஆக்குவது உங்கள் வேலை. அதுவரை வந்த விமானங்களெல்லாம் அதிர்ந்துகொண்டும் இரைந்துகொண்டும் வந்தவை. ஜெட் மட்டும் சீழ்க்கை அடிப்பதுபோல வந்து இறங்கியது என்பீர்கள். இறங்கிய பயணிகள், மேலே கோப்பையில் தேநீர் ஆடவே இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்களாம். மேகங்களுக்கெல்லாம் மேலே, காற்று மெலிந்த இடத்தில் பறந்தால் அப்படித்தான் என்று உங்களுக்கு யாரோ விளக்கியிருந்தார்கள்.

இந்தக் கதையை எங்கள் படிக்கட்டில் கேட்காதவர்கள் இல்லை. அதன் மற்றப் பாதியை நீங்கள் எனக்குச் சொன்னது ஒரே ஒரு நாள்தான்.

நான் ஒஸ்லோவுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? என் கணவர் சிவா, அவருடைய நண்பர்கள் எல்லோரும் போர்னெபு விமான நிலையத்துக்கு உள்ளே நின்றார்கள். நீங்கள் மட்டும் வெளியே, பேருந்துத் தரிப்பில், பனிக்குள் நின்றீர்கள். ஏன் உள்ளே வரவில்லை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் நோர்வேக்கு வந்ததே கப்பலில்தான் என்று பிறகு தெரிந்தது. இரத்மலானையை விட்டு நோர்வேக் கப்பல் ஒன்றில் இயந்திர அறை வேலைக்குச் சேர்ந்து, இருபது வருடம் கடலில் திரிந்து, எழுபதுகளில் இங்கே கரையேறி, பெரிய கட்டடங்களின் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தீர்கள். கலியாணம் கட்டவில்லை. விமானத்தில் ஒரு தரமும் ஏறவில்லை. "கடல் ஆள் நான், எனக்கு ஆகாயம் ஒத்துவராது" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம்.

உங்கள் ஒரே தங்கை பூமணி அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளோடு கனடா போய்ச் சேர்ந்தபின், ஒவ்வொரு ஞாயிறும் டொரொண்டோவிலிருந்து உங்களோடு கதைப்பார். ஒவ்வொரு ஞாயிறும் வரச்சொல்லிக் கேட்பார். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம் சொல்வீர்கள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழியில் அவருக்கு இருதயச் சத்திரசிகிச்சை என்று செய்தி வந்தது. அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தீர்கள். குசினி மேசையில் இருந்துகொண்டு, கனடாவுக்கு ஆள் ஏற்றும் கப்பல் ஏதும் இருக்கிறதா, கணினியில் பார்க்கலாமா என்று கேட்டீர்கள்.

"மார்கழியில அத்திலாந்திக்கில ஆர் அண்ணை கப்பல் விடப்போறான்? பிளேனில ஏழெட்டு மணித்தியாலம். நான் கூட வாறன். என்ர அண்ணனும் அங்கைதானே இருக்கிறார்."

பேச்சை மாற்றுவதற்காக என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன். சரக்கு ரயில்களின் சில்லுகளையும் அச்சுகளையும் பழுது பார்க்கும் பட்டறையில், இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று சோதிப்பது என் தொழில். வேலையைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்தமாட்டேன். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இரும்புக்குள் எப்படி மெல்ல மெல்ல ஓடும், சிவப்புச் சாயம் பூசினால் அது எப்படி வெளியே வரும் என்று கதைத்துக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தபோது உங்கள் முகம் வெளிறியிருந்தது.

"தலைமயிர் மாதிரி இருக்குமோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம், அண்ணை. சிலவேளை அப்பிடித்தான் இருக்கும்."

"நான் ஒண்டு பாத்தனான்."

பிறகுதான் சொன்னீர்கள். ஒரு நாள் காலை, யன்னல்களைத் துடைத்துக்கொண்டு வரும்போது, ஒரு யன்னலின் மூலையிலிருந்து மெல்லிய கோடொன்று ஓடுவதைக் கண்டீர்கள். கீழே வெள்ளைக்காரத் தலைமைப் பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். விமானம் புறப்பட வேண்டிய நேரம் கடந்திருந்தது. சொல்லி, அது வெறும் கீறலாக இருந்தால் எல்லோருக்கும் முன்னால் பேச்சு விழும், வேலையும் போகலாம். பூச்சில் விழுந்த கீறல்தான் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு, துணியால் அதன் மேலால் ஒரு இழுவை இழுத்துவிட்டு இறங்கினீர்கள். விமானம் போய்விட்டது. பதினொரு நாள் கழித்து வேறொரு தேசத்துக் கடலுக்கு மேலே, உயரத்தில், அது சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து விழுந்தது. பத்திரிகையில் அதன் வாலில் எழுதியிருந்த பதிவெழுத்துக்களைப் போட்டிருந்தார்கள். நீங்கள் துடைத்த அதே விமானம்.

"அதிலை குழந்தையளும் இருந்தவை" என்றீர்கள்.

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, அது உங்கட பிழை இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள். "அந்தக் கோட்டை நீர் பாத்தனீரோ?"

"இல்லை."

"பிறகென்னெண்டு சொல்லுறீர்?"

மேலங்கியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டீர்கள். இரண்டு கிழமை கதவு திறக்கவில்லை. சிவா தட்டிப் பார்த்தார். உள்ளே வானொலிச் சத்தம் மட்டும் கேட்டது. பூமணி அக்காவின் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற செய்தியைக்கூடக் கடுதாசியில் எழுதிக் கதவிடுக்கால்தான் உள்ளே தள்ளினோம்.

அந்த நாட்களில்தான் பட்டறையில் ஒரு சங்கதி நடந்தது. நான் சோதித்துக்கொண்டிருந்த ஒரு அச்சில், சில்லுப் பொருந்தும் தோளுக்குப் பக்கத்தில், ஐயத்துக்கிடமான வெளிர் சிவப்பு ரேகை ஒன்று தெரிந்தது. சாயம் சரியாகத் துடைபடாமலும் அப்படித் தெரியலாம். எங்கள் மேற்பார்வையாளர் ஆர்னே வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று பின்னேரமே அந்த வண்டியை ஒப்படைக்க வேண்டும். "கடைசல் இயந்திரம் விட்ட தழும்பு போல இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

பதினைந்து வருடம் இந்த நாட்டில் வேலை செய்தும், அப்படியொரு கேள்விக்கு என் வாய் முதலில் எடுப்பது "ஆமாம், அப்படித்தான் இருக்கும்" என்பதைத்தான். சரியாகச் சொல்லத் தெரியாத வெளிநாட்டுக்காரி என்று பெயர் எடுத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அன்றும் அதையே சொல்லப் போனேன். அப்போது மனக்கண்ணில், ஏணியில் துணியோடு நின்ற உங்களைத்தான் கண்டேன்.

"எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் அனுப்ப விருப்பமில்லை" என்றேன்.

அச்சைத் திரும்பக் கழற்றினோம். சுத்தம் செய்து, மறுபடி சாயம் போட்டு, அல்ட்ராசவுண்டாலும் பார்த்தோம். மூன்று மணித்தியாலம் போனது. கடைசியில் அது கடைசல் தழும்புதான். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பகிடி பண்ணினார்கள். ஆர்னே மட்டும் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு, "இனி நான் நிம்மதியாகத் தூங்குவேன்" என்று சொல்லிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கதவுக்கு முன்னால் நின்று, அது திறக்காது என்று தெரிந்தும், நடந்ததையெல்லாம் உரத்துச் சொன்னேன். பகிடி பண்ணினதையும் விடாமல் சொன்னேன். பிறகு பூட்டில் திறப்புத் திரும்பியது. தாடி வளர்ந்து, மெலிந்து நின்றீர்கள்.

"மூண்டு மணித்தியாலமோ?"

"ஓம், அண்ணை."

"ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

"எனக்கு அந்த மூண்டு மணித்தியாலம் தந்திருப்பாங்களோ தெரியாது" என்றீர்கள். "நான் கேக்கவும் இல்லை." பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தீர்கள்.

ஆறுதல் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகத் தேடிப் படித்தேன். முதல் ஜெட் விமானங்களுக்கு நேர்ந்த விபத்துகளை எப்படி விசாரித்தார்கள் என்பதைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நகர நூலகம் எங்கிருந்தோ வரவழைத்துத் தந்தது. சனிக்கிழமைகளில் நான் வாசிக்க நீங்கள் கேட்பீர்கள். அவ்வளவு உயரத்தில் மனிதர் மூச்சுவிட வேண்டுமென்றால் விமானத்துக்குள் காற்றை அடைத்து வைக்கவேண்டும். ஏறும்போதெல்லாம் அதன் உடம்பு உள்ளிருந்து விம்மும், இறங்கும்போது தளரும். மனிதர் கண்ணுக்கு அது தெரியாது, உலோகத்துக்குத் தெரியும். முழு விமானம் ஒன்றை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும், பறக்காமலே ஆயிரக்கணக்கான தரம் பறக்கவைத்தார்கள். கடைசியில் ஒரு யன்னலின் மூலையில் அது கிழிந்தது. அந்த இடத்தை வாசித்தபோது கண்ணை மூடிக்கொண்டீர்கள். நீங்கள் துடைத்த விமானத்தைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. அது விழுந்த இடம் மிக ஆழம், ஒரு துண்டும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

"ஓம். ஒருத்தருக்கும் தெரியாது."

பங்குனியில், ஆர்னேயிடம் கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்களைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒதுக்கிப் போட்ட பழைய அச்சுத் துண்டொன்றை ஆர்னே மேசையில் வைத்தார். அதில் ஏழெட்டுக் கோடுகள் இருந்தன. "இதில் எது வெடிப்பு என்று சொல்லுங்கள்" என்றார். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, நீளமான கறுப்புக் கோடு ஒன்றில் விரலை வைத்தீர்கள். எவ்வளவு நிச்சயமாக வைத்தீர்கள்! இயந்திர அறையில் இருபது வருடம் இருந்தவரின் விரல்.

சாயம் பூசினேன். காத்திருந்து, துடைத்து, வெள்ளைத் தூளை விசிறினேன். உங்கள் கோடு வெள்ளையாகவே கிடந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, மூன்று பேரும் ஒன்றுமே காணாத மினுக்கமான இடத்தில், சிவப்பாக ஒரு மயிர் மெல்ல எழுந்து வந்தது.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தீர்கள். "இதை நான் பார்க்கவில்லை" என்று நோர்வே மொழியில் சொன்னீர்கள்.

"நானும்தான். முப்பது வருடமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் ஆர்னே.

திரும்பி வரும்போது டி-பானேயில் என் பக்கத்தில் இருந்தீர்கள். ஹெல்ஸ்பிர் நிலையம் தாண்டியதும் சொன்னீர்கள்.

"அப்ப நான் கண்டது கீறலாயும் இருந்திருக்கலாம்."

"ஓம்."

"வெடிப்பாயும் இருந்திருக்கலாம்."

இல்லை என்று சொல்ல என் வாய் துடித்தது. "ஓம், அண்ணை" என்றேன்.

"எதெண்டாலும் சொல்லியிருக்கவேணும்."

"ஓம்."

யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். தண்டவாளக் கரையில் பனி உருகிக் கறுத்துக் கிடந்தது. "அவ்வளவு சனத்தையும் நான் கொன்றுபோட்டன் எண்டுதான் இவ்வளவு காலமும் தூக்கித் திரிஞ்சன். சொல்லாமல் விட்டதுதான் என்ர பிழை எண்டால், அது பாரம்தான். ஆனால் அதை என்னாலை தூக்கேலும்." பிறகு, புருசெத்தில் இறங்க எழும்பும்போது, "கனடாவுக்குப் பிளேன் ரிக்கற் எங்கை எடுக்கிறது?" என்று கேட்டீர்கள்.

அந்த ஆவணியில் போனோம். கார்டர்மூன் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றீர்கள். நான் அவசரப்படுத்தவில்லை. லண்டனில் மாறி ஏறிய பெரிய விமானம் எழும்பியபோது என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இரண்டு நாளுக்கு நொந்தது. மேலே போய் அது சமநிலைப்பட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தீர்கள். முன்னாலிருந்த சின்னத் திரையில் பதினோராயிரம் மீற்றர் என்று காட்டியது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. யன்னலின் விளிம்பைச் சுற்றி ஆட்காட்டி விரலை மெதுவாக ஓட்டினீர்கள். ஒரு சுற்று, திரும்பவும் ஒரு சுற்று.

"மூலையே இல்லை" என்றீர்கள்.

"ஓம், அண்ணை."

"அந்தச் சனம் செத்ததாலைதான்."

தேநீர் வந்தது. கோப்பையைத் தட்டில் வைத்து உற்றுப் பார்த்தீர்கள். "ஆடுதே, தங்கச்சி. அந்தக் காலத்தில ஆடேல்லையெண்டு சொன்னாங்கள்." முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. அடி வரைக்கும் குடித்து முடித்தீர்கள். பிறகு நெற்றியைக் கண்ணாடியில் வைத்து, கீழே கிறீன்லாந்தின் வெள்ளையை, அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

டொரொண்டோ விமான நிலையத்தில் பூமணி அக்கா சக்கர நாற்காலியில் வந்து காத்திருந்தார். எழும்பவேண்டாம் என்று மகன் சொல்லச் சொல்ல எழும்பிவிட்டார். கடைசியாகக் கண்டு முப்பத்தொரு வருடம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றீர்கள். முதலில் கதைத்தது அவர்தான்.

"என்ர கலியாணம் உங்களுக்குப் பிடிக்கேல்லை, அந்தக் கோவத்திலதான் இவ்வளவு காலமும் வரேல்லை எண்டு நினைச்சனான், அண்ணை."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களும்தானே ஒண்டும் சொல்லேல்லை."

அங்கேயே, பெட்டி தள்ளுகிற சனத்துக்கு நடுவில், நீங்கள் அழுதீர்கள். அன்று பின்னேரம் அவருடைய வீட்டுச் சோபாவில் இருந்து, எனக்குச் சொன்ன முழுவதையும் அவருக்கும் சொன்னீர்கள். நான் அடுத்த அறையில் பிள்ளைகளோடு இருந்தேன்.

அதற்குப் பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. மூன்று தரம் கனடா போய் வந்தீர்கள், இரண்டு தரம் தனியாக. துரொண்ட்ஹெய்மில் தெரிந்தவர் ஒருவருடைய பிள்ளையின் பிறந்தநாளுக்கு ரயிலில் போகலாம் என்று சிவா சொல்ல, "ரயில் ஏழு மணித்தியாலம், ஆருக்கு நேரமிருக்கு" என்று நீங்கள் கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

போன ஐப்பசியில் நிமோனியா வந்து உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, தாதிமார் உங்களைப் பற்றி என்னிடம் முறைப்பாடு சொன்னார்கள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணியை அடிக்கிறாராம். விளக்கு மினுங்குகிறது என்று ஒரு தரம். தள்ளுவண்டிச் சில்லு ஆடுகிறது என்று ஒரு தரம். பக்கத்துக் கட்டில் நோர்வே மனிதர் வழமையை விட அதிகம் நித்திரை கொள்கிறார் என்று ஒரு தரம். மூன்றும் ஒன்றுமில்லை. நான்காவதாக, ஒரு மத்தியானம், அதே மனிதர் சாப்பிடும்போது கரண்டியை வாய்க்கு நேராகக் கொண்டுபோகவில்லை என்று அடித்தீர்களாம். வந்த தாதி சலிப்போடுதான் வந்தாளாம். அவருடைய முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு ஓடினாளாம். மூளைக்குப் போகும் இரத்தம் அடைபடத் தொடங்கியிருந்தது. நேரத்துக்குக் கண்டுபிடித்தபடியால் ஆள் தப்பினார்.

நான் கேட்டபோது நீங்கள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டு, "ஒண்டு பாத்தனான். என்னெண்டு தெரியேல்லை. சொன்னனான்" என்றீர்கள். அடுத்த கிழமை நீங்கள் இல்லை.

உங்கள் செத்தவீட்டுக்கு அந்த மனிதர் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு மகளோடு வந்தார். தேவாரம் பாடி முடியும்வரை தலை குனிந்து நின்றார். உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்க மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிக்கொண்டு வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூமணி அக்கா இப்போது என்னோடு கதைக்கிறார். வைகாசியில் இங்கே வரப்போகிறாராம். அண்ணை இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும், நடந்த வழியில் நடக்கவேண்டும் என்கிறார். டொக்டர் விட்டாரோ என்று கேட்டேன். "கேட்டனான், விட்டிட்டார்" என்றார். அவருக்காகச் சின்ன அறையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நான் அதே பட்டறையில்தான் இருக்கிறேன், அண்ணை. பயம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். சொல்வதற்கு முன்னால் இன்றைக்கும் ஒரு கணம் தயங்குவேன். ஆனால் சொல்லிவிடுகிறேன். என்னவென்று தெரியாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பத்துக்கு ஒன்பது ஒன்றுமில்லாமல்தான் போகிறது. நேற்றும் ஒரு சில்லின் விளிம்பில் எதையோ கண்டு ஆர்னேயைக் கூப்பிட்டேன். இருவரும் குனிந்து, விளக்கைப் பிடித்து, நன்றாகப் பார்த்தோம். ஒன்றுமில்லை. கையைக் கழுவிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனோம்.